பழைய கணிப்பொறியும் கம்பியில்லா இணைப்பும்



மேல்விஷாரத்தில் எங்கள் அடுத்த தெருவில் பிளஸ் டூ மாணவர் ஒருவர் இருக்கிறார். சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சிறு பொருள். அதைக் காட்டி, "சார், இதைப் போட்டும் கம்ப்யூட்டர்ல நெட் வரலை. கடையில கேட்டா, 'அது பழைய மெஷின், அதுக்கு வைஃபை எல்லாம் வராது, புதுசு வாங்கிடுங்க' என்கிறார்கள்" என்றார்.

அவருடைய மாமா ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவர். அலுவலகத்தில் புதிய கணிப்பொறிகள் வந்தபோது, 2010ஆம் ஆண்டு வாங்கிய மேசைக் கணிப்பொறி ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதை அவர் மருமகனுக்குக் கொடுத்தார். மாணவரின் தாயார் காலணியின் மேற்பகுதி தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். "புதுசு வாங்கணும்னா காலேஜ் ஃபீஸுக்கு அம்மா சேர்த்து வைத்த பணத்தைத்தான் எடுக்கணும், சார்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

கடைக்காரர் சொன்னது சரியா? அலைகளுக்குப் பழைய கணிப்பொறி, புதிய கணிப்பொறி என்ற வேறுபாடு தெரியுமா? இதைத்தான் இந்தக் கட்டுரையில் ஆராயப் போகிறோம்.

கேள்வியைப் பிரித்துக் கொள்வோம்

'இணைப்பு வரவில்லை' என்பது ஒரு கேள்வி அன்று. பல கேள்விகளின் மூட்டை. காய்ச்சல் என்று வந்தவருக்கு மருத்துவர் உடனே மருந்து எழுதிவிடுவதில்லை. நாடி பார்க்கிறார், நாக்கை நீட்டச் சொல்கிறார், ஒவ்வொரு காரணமாகக் கழித்துக்கொண்டே வருகிறார். நாமும் அப்படியே செய்வோம். கம்பியில்லா இணைப்பு நடைபெற மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

1. ரூட்டரிலிருந்து புறப்படும் அலை கணிப்பொறியின் ஆன்டெனாவை வந்தடைய வேண்டும்.
2. இரண்டும் ஒரே மொழியில் பேச வேண்டும். ஒரே பூட்டையும் சாவியையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.
3. வந்து சேர்ந்த செய்தியைக் கணிப்பொறி நம்பி ஏற்க வேண்டும்.

இம்மூன்றில் எது தவறினாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்றே: 'நெட் வரவில்லை.' ஆனால் மருந்து மூன்றுக்கும் வேறு வேறு.

அலை எவ்வளவு நீளம்?

வைஃபை என்பது வேறொன்றும் இல்லை, வானொலி அலைதான். வானொலி, ஒளி, எக்ஸ் கதிர் எல்லாமே மின்காந்த அலைகள். அதிர்வெண்ணில் மட்டுமே வேறுபாடு. வைஃபைக்குப் பெரிதும் பயன்படும் அதிர்வெண் பட்டைகள் இரண்டு. ஒன்று 2.4 கிகா ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 240 கோடி அதிர்வுகள். மற்றது 5 கிகா ஹெர்ட்ஸ், நொடிக்கு 500 கோடி அதிர்வுகள்.

அலைநீளம் = அலையின் வேகம் ÷ அதிர்வெண் என்று படித்திருக்கிறீர்கள். வேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். 30ஐ 240ஆல் வகுத்தால் 0.125 மீட்டர், அதாவது 12.5 செ.மீ. இது ஏறத்தாழ உங்கள் பேனாவின் நீளம். 5 கிகா ஹெர்ட்ஸ் அலைக்கு 6 செ.மீ. மட்டுமே.

இந்தச் சின்னக் கணக்கில் ஒரு பெரிய செய்தி இருக்கிறது. ஆன்டெனா ஒன்று நன்றாக வேலை செய்ய அது அலைநீளத்தில் கால் பங்கு இருந்தாலே போதும். 12.5 செ.மீ.யில் கால் பங்கு சுமார் 3 செ.மீ. அதனால்தான் அந்த மாணவரின் கையிலிருந்த யு.எஸ்.பி. அடாப்டர் சுண்டுவிரல் அளவில் அடங்கிவிட்டது. பழைய கணிப்பொறியில் இல்லாத உறுப்பு இந்த ஆன்டெனாவும் அதனோடு சேர்ந்த அலைவாங்கிச் சில்லும்தான். அவற்றை வெளியிலிருந்து செருகிவிட்டால் குறை தீர்ந்தது.

நம் நாட்டில் இந்த அலைகளுக்கு ஒரு பழைய உறவும் உண்டு. 1895ஆம் ஆண்டு ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில் கம்பி இல்லாமலே அலைகளைச் சுவர் தாண்டி அனுப்பித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். அவருடைய ஆய்வுகளில் வெறும் 5 மில்லி மீட்டர் நீளமுள்ள அலைகளும் இருந்தன. வைஃபை அலையைவிட அது மிகக் குறுகியது.

இன்று வீட்டு ரூட்டர் வைக்க யாரும் அரசிடம் வானொலி உரிமம் கேட்பதில்லை அல்லவா? குறைந்த திறன் கொண்ட 2.4 கிகா ஹெர்ட்ஸ் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று இந்திய அரசு 2005ஆம் ஆண்டு சனவரியில் விதி வகுத்தது.

முதல் தடை: காணாமற்போன பெயர்

மாணவரின் வீட்டுக்கே சென்றேன். அலையின் சிக்கலை அலை இருக்கும் இடத்தில்தான் தீர்க்க முடியும். அது பழைய காலத்துச் செங்கல் வீடு. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். ரூட்டர் மாடியில் மாமா வீட்டில் இருக்கிறது. கணிப்பொறி கீழ் அறையில்.

அடாப்டரைச் செருகினோம். கணிப்பொறி அதை அடையாளம் காணவில்லை. புதிய உறுப்பு வந்தால் அதோடு பேசும் முறையைச் சொல்லித்தரும் 'டிரைவர்' என்ற சிறு மென்பொருள் வேண்டும். அதை இணையத்திலிருந்து எடுக்க வேண்டும்; இணையமோ இன்னும் வரவில்லை! கிணறு வெட்டத் தண்ணீர் கேட்ட கதைதான். என் கணிப்பொறியில் அதை இறக்கிப் பென் டிரைவில் கொண்டு சென்றிருந்தேன்.

இப்போது திரையில் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் வரிசையாக வந்தன. மாமா வீட்டுப் பெயர் மட்டும் இல்லை. "என்ன பெயரைத் தேடுகிறாய், தம்பி?" என்று கேட்டேன். மாமாவின் பெயரும் அதன் கடைசியில் '5ஜி' என்றும் எழுதிக் காட்டினார்.

இங்கே பலரும் ஏமாறுகிறார்கள். ரூட்டர் பெயரில் உள்ள '5ஜி' செல்பேசி நிறுவனங்கள் சொல்லும் ஐந்தாம் தலைமுறை அன்று. 5 கிகா ஹெர்ட்ஸ் பட்டை என்பதன் சுருக்கம். விலை குறைந்த அடாப்டர்கள் பல 2.4 கிகா ஹெர்ட்ஸை மட்டுமே கேட்கும். மத்திய அலை மட்டும் உள்ள வானொலிப் பெட்டியில் பண்பலை நிலையத்தைத் தேடினால் கிடைக்குமா? கணிப்பொறியின் வயதுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அதே ரூட்டர் '5ஜி' இல்லாத இன்னொரு பெயரிலும் அலை அனுப்பிக்கொண்டிருந்தது. பட்டியலின் அடியில் அந்தப் பெயர் இருந்தது. ஆனால் ஒரே ஒரு கோடுதான் காட்டியது.

இரண்டாம் தடை: இரும்புப் பெட்டியின் நிழல்

ரூட்டர் வெளிவிடும் திறன் ஏறத்தாழ 0.1 வாட். நல்ல இணைப்பில்கூட நம் ஆன்டெனாவுக்குக் கிடைப்பது ஒரு வாட்டின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுதான்! இவ்வளவு சிறிய எண்களை எழுதச் சிரமம் என்பதால் பொறியாளர்கள் டி.பி.எம். என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். அதில் -60 என்றால் மேற்சொன்ன அளவு. அதிலிருந்து 10 குறைந்தால் திறன் பத்தில் ஒரு பங்காகும். 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு.

மாணவரின் கணிப்பொறியில் அளந்தோம். -82 வந்தது. அடாப்டர் எங்கே செருகப்பட்டிருந்தது? பெட்டியின் பின்புறத்தில், சுவரை ஒட்டி. பெட்டி இரும்புத் தகட்டாலானது. பக்கத்தில் ஒரு ஸ்டீல் பீரோ. உலோகத்தில் கட்டற்ற எலெக்ட்ரான்கள் உண்டு. அலை வந்து மோதியதும் அவை அதிர்ந்து அலையைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆகவே அடாப்டர் இரும்பின் நிழலில் ஒளிந்திருந்தது.

ஒன்றரை மீட்டர் யு.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பி ஒன்றை மாட்டி, அடாப்டரை மேசைக்கு மேலே, மாடிப்படியைப் பார்த்தவாறு வைத்தோம். -62! ஒரு சாதாரணக் கம்பி கிடைக்கும் திறனை நூறு மடங்காக்கிவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் கண்டோம். அடாப்டரை நாலு விரற்கடை நகர்த்தினாலே எண் ஏறி இறங்கியது. சுவர்களில் பட்டுத் திரும்பும் அலையும் நேரே வரும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கின்றன. அடுத்தடுத்த இரு வலுக்குன்றிய இடங்களுக்கு நடுவே உள்ள தொலைவு அரை அலைநீளம், அதாவது சுமார் 6 செ.மீ. என்ற அளவில் இருக்கும். இழுத்துக் கட்டிய கம்பியில் கணுக்களையும் எதிர்க்கணுக்களையும் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்களே, அதே விதிதான்.

செய்து பாருங்கள்

நம் பகுதியில் தோலுக்குப் பஞ்சமில்லை. அதை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். வைஃபை வலிமையை டி.பி.எம். அளவில் காட்டும் செயலி உள்ள செல்பேசி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரூட்டரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி ஒரே இடத்தில் வைத்து 2.4 கிகா ஹெர்ட்ஸ் பட்டையில் இணையுங்கள். ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள். பிறகு செல்பேசியை ஒவ்வொரு முறையும் ஒரு பொருளால் மூடி அளவெடுங்கள்: (அ) உலர்ந்த, பதப்படுத்திய தோல், (ஆ) நனைத்துப் பல மடிப்பாக மடித்த தடித்த துண்டு, (இ) மூடியுள்ள பிஸ்கட் டின். துண்டால் மூடும்போது செல்பேசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு நன்றாகக் கட்டிவிடுங்கள். எண்ணைப் பார்க்க முடியாவிட்டால் திரைப் பதிவை ஓடவிட்டு, வெளியே எடுத்த பின் பாருங்கள்.

உலர்ந்த தோல் ஏறத்தாழ ஒன்றும் செய்யாது. ஈரத்துண்டு எண்ணைக் குறைக்கும். நீர் மூலக்கூறுகள் இந்த அலையின் ஆற்றலை உறிஞ்சுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகா ஹெர்ட்ஸில் உணவைச் சூடாக்குவதும் இந்தக் குணத்தால்தான். டின் இன்னும் அதிகமாகக் குறைக்கும்.

இங்கே ஒரு மாணவி என்னிடம் கேட்ட கேள்வியைச் சொல்ல வேண்டும். "சார், நம் ஊர்த் தோலில் குரோமியம் இருக்கிறதே, குரோமியம் உலோகம் ஆயிற்றே. தோல் ஏன் அலையைத் தடுக்கவில்லை?" நல்ல கேள்வி. தோலில் இருக்கும் குரோமியம் தகடாக இல்லை. அதன் அயனிகள் தோலின் புரதத்தோடு பிணைந்து கிடக்கின்றன. கட்டற்று ஓடும் எலெக்ட்ரான்கள் அங்கே இல்லை. பெயரில் உலோகம் இருந்தால் போதாது. எலெக்ட்ரானுக்குச் சுதந்திரம் இருக்க வேண்டும்!

மொழியும் பூட்டும்

அடுத்தது இரண்டாவது நிபந்தனை. வைஃபையின் மொழி 1997இல் முதன்முதலாக வரையறுக்கப்பட்டது. 1999இல் நொடிக்கு 1.1 கோடி பிட், 2003இல் 5.4 கோடி பிட் என்று வேகம் வளர்ந்தது. 2009இல் அதைவிடப் பல மடங்கு வேகமான முறை வந்தது. புதிய மொழி வந்தாலும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் பட்டையில் பழைய மொழியையும் ரூட்டர்கள் மறப்பதில்லை. பேரனோடு புதுத் தமிழும் பாட்டனோடு பழந்தமிழும் பேசும் வீட்டுக்காரர் போல. எனவே மொழி பெரும்பாலும் தடை ஆவதில்லை.

பூட்டு விஷயத்தில் கவனம் வேண்டும். வெப் என்ற முதல் பூட்டு எளிதில் உடையக்கூடியது என்று 2001இலேயே கணித அறிஞர்கள் காட்டிவிட்டார்கள். 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 வலுவானது, 2018இல் டபிள்யூ.பி.ஏ.3 வந்தது. ரூட்டரில் மூன்றாவது பூட்டு மட்டும் போட்டிருந்தால் பழைய அடாப்டர் உள்ளே நுழைய முடியாது. '2ம் 3ம் கலந்து' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் பழைய கருவிக்காக வெப் பூட்டுக்கு மட்டும் இறங்காதீர்கள். ஒருவருக்காக வீட்டின் வாசற்கதவையே கழற்றி வைப்பதற்கு அது சமம்.

மாணவரின் வீட்டில் பூட்டு பொருந்தியது. கடவுச்சொல்லை அடித்தார். 'இணைக்கப்பட்டது' என்று திரையில் வந்தது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'இந்த இணைப்பு நம்பத்தக்கதன்று' என்ற எச்சரிக்கை! மாணவரின் முகம் வாடிவிட்டது. "கடைக்காரர் சொன்னது சரிதானோ, சார்?"

மூன்றாம் தடை: மூன்று வோல்ட் மின்கலம்

இந்த இடத்தில்தான் பலரும் கைவிடுகிறார்கள். நாம் ஊகிக்க வேண்டாம், சோதிப்போம். வைஃபையில் இணைந்த ஒரு செல்பேசியை யு.எஸ்.பி. கம்பி வழியாகக் கணிப்பொறியில் மாட்டி, செல்பேசியின் அமைப்புகளில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்கினோம். இப்போது அலையைப் பிடிப்பது செல்பேசி; அடாப்டருக்கு வேலை இல்லை. பக்கத்தைத் திறந்தோம். அதே எச்சரிக்கை!

இதன் பொருள் என்ன? அலை, ஆன்டெனா, அடாப்டர் எல்லாம் குற்றமற்றவை. அவற்றை மாற்றிய பிறகும் நோய் நீடிக்கிறதே. குறை கணிப்பொறிக்குள் இருக்கிறது. ஒரே ஒரு காரணியை மாற்றிப் பார்க்கும் சோதனையின் வலிமை இதுதான். (அடாப்டர் வாங்க முடியாதவர்களுக்கும் இது செலவில்லாத வழி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.)

திரையின் வலது மூலையில் மாணவரே கண்டுபிடித்தார். "சார்! தேதியைப் பாருங்க. 2010 சனவரி 1!"

கணிப்பொறியின் தாய்ப்பலகையில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் உள்ளிருக்கும் கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. பல ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். தீர்ந்தால் ஒவ்வொரு முறை மின்சாரம் துண்டித்து இணைக்கும்போதும் கடிகாரம் பிறந்த நாளுக்கே திரும்பிவிடும்.

தேதி தவறினால் இணையம் ஏன் நிற்க வேண்டும்? ஒவ்வோர் இணையதளமும் தன் அடையாளத்துக்கு ஒரு மின்சான்றிதழ் காட்டுகிறது. அதில் இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். கணிப்பொறியோ தான் 2010இல் இருப்பதாக எண்ணுகிறது. அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காதவரை யார் நம்புவார்? அது மறுத்தது முட்டாள்தனம் அன்று, கடமை.

கணிப்பொறியை நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகு பெட்டியைத் திறந்தோம். (பெரியவர் துணையில்லாமல் நீங்கள் திறக்கக் கூடாது.) புதிய மின்கலத்தைப் பொருத்தி, தேதியைச் சரிசெய்தோம். பக்கம் திறந்தது. முதலில் அவர் திறந்தது தம் பொதுத்தேர்வு இயற்பியல் பாடத்தின் பழைய வினாத்தாள்.

ஓர் எச்சரிக்கை

இணைப்பு வந்துவிட்டது என்பதால் எல்லாம் முடிந்துவிடவில்லை. அந்தக் கணிப்பொறியில் இருந்தது விண்டோஸ் 7. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை அதன் நிறுவனம் 2020 சனவரியில் பொதுமக்களுக்கு நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட கணிப்பொறியில் வங்கிக் கணக்கையோ ஆதார் விவரங்களையோ திறப்பது ஆபத்து. சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்க இனி ஆள் வரமாட்டார் என்பது திருடனுக்கும் தெரியும். ஆகவே அடுத்த வாரம் அந்த மாணவர், எடை குறைந்த, இன்றும் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கிற இலவச லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவிலிருந்து நிறுவிக்கொண்டார். அதில் அடாப்டருக்கான டிரைவர் முன்பே அமைந்திருந்தது.

தேனி காட்டிய வழி

சாதாரணக் கருவியை அறிவால் உயர்த்தலாம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பெரிய சான்று உண்டு. 2000க்குப் பிந்தைய பத்தாண்டின் நடுவில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கிராமங்களின் கண் பரிசோதனை மையங்களோடு வைஃபை மூலம் இணைத்தார்கள். அமெரிக்காவின் பெர்க்கிலியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துணை நின்றார்கள். கிராமத்து நோயாளியை மருத்துவர் தேனியிலிருந்தே திரையில் பார்த்தார். வீட்டுக்குள் சில மீட்டர் செல்லும் வைஃபை எப்படிப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் சென்றது?

அலையை எல்லாத் திசையிலும் சிதறவிடாமல் ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனாவை உயரமான கோபுரத்தில் வைத்தார்கள். ஆனால் அது மட்டும் போதவில்லை. 15 கி.மீ. செல்ல அலைக்கு 50 மைக்ரோ நொடி; பதில் திரும்பி வர இன்னொரு 50. வீட்டு வைஃபைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. 'பதில் வரவில்லை' என்று முடிவு கட்டி, சொன்னதையே திரும்பச் சொல்லும். ஆய்வாளர்கள் கருவியைக் குறைகூறவில்லை. மலிவான அதே வைஃபைச் சில்லுகளை வைத்துக்கொண்டு, யார் எப்போது பேசுவது என்ற விதியை மட்டும் மாற்றி எழுதினார்கள்.

நம் மாணவரின் வீட்டிலும் நடந்தது இதுவே. அவர் செலவிட்டது ஓர் அடாப்டர், ஒரு நீட்டிப்புக் கம்பி, ஒரு சிறு மின்கலம். தாயாரின் சேமிப்பு கல்லூரிக் கட்டணத்துக்கே இருந்துவிட்டது. 'பழையது' என்பது ஒரு காரணம் அன்று. காரணத்தைத் தேடச் சோம்பியவர் சொல்லும் சொல். சில கருவிகள் உண்மையிலேயே உதவாமற் போகும். ஆனால் அந்த முடிவைச் சோதனை சொல்லட்டும்.

சிந்திக்க

1. போஸ் பயன்படுத்திய 5 மி.மீ. அலையின் அதிர்வெண் என்ன? 5 கிகா ஹெர்ட்ஸைப் போல் அது எத்தனை மடங்கு?
2. -62 டி.பி.எம். இடத்திலிருந்து -92 உள்ள இடத்துக்கு அடாப்டரை மாற்றினால் திறன் எத்தனையில் ஒரு பங்காகும்?
3. மழைநாளில், ஊறிப்போன சுவருள்ள அறையில் வைஃபை வலிமை குறைவதை எப்படி விளக்குவீர்கள்?
4. யு.எஸ்.பி. டெதரிங் மூலம் பக்கம் நன்றாகத் திறந்திருந்தால், குறை மூன்று நிபந்தனைகளில் எவற்றில் இருப்பதாக முடிவு செய்வீர்கள்?